சிட்ரிக் ஆசிட், உப்பு, பெராக்சைடு: வீட்டிலேயே சர்க்கிட் போர்டு செய்ய முதல்முறை இறங்குபவர்களுக்கு

எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய தோட்டத்து நிலத்தில் எழுந்த ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறது. கூரைக்கு மேல் உள்ள தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று அடுப்படியிலிருந்தே தெரிய வேண்டும் என்று அம்மா கேட்டார். யுஎல்என்2003 என்ற 16 கால் ஐசி (சில்லு) ஒன்று, ஆறு எல்இடி, சில ரெசிஸ்டர்கள். அவ்வளவுதான் சர்க்கிட். ஆனால் அதற்கான போர்டை வீட்டில் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. நான்கு போர்டு வீணாகி, ஐந்தாவதுதான் சரியாக வந்தது. கைவிட்டுப் போன பணம் 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல்.

அதே வேலையை நீங்கள் ஒரே வார இறுதியில், ஏறக்குறைய 35 வெள்ளியில் முடிக்கலாம். வழி இதுதான்: சர்க்கிட்டின் தடங்களைத் தாளில் அச்சடித்து, செம்பு ஒட்டிய போர்டின் மேல் இஸ்திரி போட்டு ஏற்றி, அச்சு மூடாத செம்பைக் கலவையில் கரைத்துவிடுவது. மிஞ்சும் செம்புதான் ஒயர். நான் தடுக்கி விழுந்த இடங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். படிவம் 4, 5 பிள்ளைகள் பள்ளிப் புராஜெக்டுக்காக இதைச் செய்வதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிச் செய்யும் போர்டை 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் வேலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சுவரில் வரும் வீட்டு மின்சாரத்தை இதில் நேரடியாகக் கொடுக்கவே வேண்டாம்.

1. முதலில் தாள் வேலை

போர்டு கெடுவது பெரும்பாலும் கெமிக்கலில் இல்லை, தாளில். என் முதல் இரண்டு போர்டும் அப்படித்தான் போயின.

கையில் மூன்று தாள் இருக்க வேண்டும். ஒன்று சர்க்கிட் படம். இரண்டாவது, எந்த இடத்தில் எந்தப் பாகம் என்ற பட்டியல். மூன்றாவதுதான் முக்கியம்: செம்புத் தடங்களின் அச்சு, அசல் அளவில். படத்தை கீகேட் மென்பொருளில் வரையலாம், அது இலவசம். தடத்தின் அகலம் 1 மில்லிமீட்டர், இரண்டு தடங்களுக்கு நடுவே 0.8 மில்லிமீட்டராவது இடைவெளி, கால் பற்றவைக்கும் வட்டங்கள் 2 மில்லிமீட்டர். இதைவிட மெல்லிய தடத்தை முதல் முயற்சியில் தொடாதீர்கள்.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி அளவு. போட்டோஸ்டேட் கடையில் பிடிஎஃப் கொடுத்தால், தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கித்தான் பெரும்பாலும் அச்சடிப்பார்கள். என் படம் 94 விழுக்காடாக வந்தது, நான் கவனிக்கவில்லை. 16 கால் ஐசியில் ஒரு பக்கத்து முதல் காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடைவெளி 17.78 மில்லிமீட்டர். என் தாளில் அது 16.7 தான் இருந்தது. துளை போட்டு முடித்த பிறகுதான் ஐசி உட்காராது என்று தெரிந்தது. அதனால் "100 விழுக்காடு அளவில் அடியுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐசியைக் கையோடு எடுத்துப் போங்கள். தாளைக் கையில் வாங்கியதும், காசு கொடுக்கும் முன்பே, அதன் மேல் ஐசியை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பொறி இடவலம். தாளில் இருப்பது செம்பின் மேல் திரும்பி ஒட்டும். இதை நினைவில் வைக்க ஒரே வழி போதும்: படத்தின் ஓரத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். தாளில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பித் தெரிய வேண்டும். அப்படியானால் செம்பில் நேராக விழும். தாளிலேயே நேராகப் படிக்க முடிந்தால் அந்தத் தாளைப் பயன்படுத்தாதீர்கள். கீகேட்டில் அடிப்பக்கச் செம்பை அச்சடிக்கும்போது எழுத்து ஏற்கெனவே திரும்பியே இருக்கும், நீங்கள் இன்னொரு முறை திருப்ப வேண்டாம். மேல்பக்கச் செம்பென்றால் திருப்ப வேண்டும்.

அச்சு லேசர் பிரிண்டரில்தான் வர வேண்டும். அதன் மைத்தூளான டோனர்தான் சூட்டில் உருகிச் செம்பில் ஒட்டும், இன்க்ஜெட் மை ஒட்டாது. தாள் பளபளப்பாக இருக்கட்டும். பழைய வார இதழின் வழுவழுப்பான பக்கம்கூட போதும், ஆனால் சில கடைகளில் மெஷின் சிக்கிக்கொள்ளும் என்று மறுப்பார்கள். அது அவர்கள் உரிமை. முதலில் கேட்டுவிட்டு, கடையில் கூட்டம் இல்லாத நேரம் போங்கள். எனக்கு ஒரு பக்கத்துக்கு 50 காசு ஆனது. நான்கு பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று வீணாகும்.

பிரிண்டரே கிடைக்கவில்லையா? போர்டு சின்னதாக இருந்தால் அழியாத மார்க்கர் பேனாவால் செம்பின் மேல் நேரடியாக வரையுங்கள், இரண்டு பூச்சு. அதுவும் நன்றாகவே தாங்கும்.

2. எதை, எங்கே வாங்குவது

செம்பு ஒட்டிய போர்டை ஈப்போவில் எலக்ட்ரானிக்ஸ் பாகம் விற்கும் கடைகளில் தேடுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் தருவியுங்கள். கோலாலம்பூர் போகும் வேலை இருந்தால் புடு பக்கம் ஜாலான் பாசாரில் இறங்குங்கள், அங்கே வரிசையாகக் கடைகள். ஒற்றைப் பக்கச் செம்பு, 10 க்கு 15 சென்டிமீட்டர் துண்டு எனக்கு 6 வெள்ளி. பழுப்பு நிறக் காகிதப் போர்டு அறுக்கவும் துளைக்கவும் எளிது. பச்சை மஞ்சளாக இருக்கும் எஃப்ஆர்-4 உறுதியானது, ஆனால் அதன் தூசியில் கண்ணாடி இழை இருக்கும். மூக்குக்கவசம் இல்லாமல் அறுக்காதீர்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடை பார்மசியில் வாங்குங்கள். புண் கழுவும் 3 விழுக்காட்டுப் புட்டி. சில புட்டிகளில் 10 வால்யூம் என்று போட்டிருக்கும், அதுவும் 3 விழுக்காடுதான். 20 வால்யூம் என்றால் 6 விழுக்காடு, அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் 3 ஆகிவிடும். முடிச்சாயக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை கிரீம் வேண்டாம், அது இந்த வேலைக்கு ஆகாது. புட்டியில் காலாவதித் தேதியைப் பாருங்கள். திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பெராக்சைடு வெறும் தண்ணீராகியிருக்கும்.

சிட்ரிக் ஆசிட் கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். மலாயில் அசிட் சிட்ரிக் என்று கேளுங்கள். வெள்ளைத் தூள், எனக்கு ஒரு பொட்டலம் 4 வெள்ளி. உப்பு வீட்டில் இருப்பதே போதும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். வினிகரும் பெராக்சைடும் கலந்தும் செம்பைக் கரைக்கலாம் என்று பலர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் கடைக்குப் போய் "சுக்கா" (மலாயில் வினிகர்) என்று மட்டும் கேட்டால், தௌக்கே (கடை முதலாளி) உங்களிடம் சுக்கா கெத்தாவை எடுத்து நீட்டலாம். அது ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட், பெரும்பாலும் பார்மிக் ஆசிட். தோலைச் சுடும். அதைவிட மோசம், அது பெராக்சைடோடு சேர்ந்தால் பெர்பார்மிக் ஆசிட் உண்டாகும். செறிவு கூடினால் வெடிக்கக்கூடிய பொருள் அது. தாத்தா காலத்துப் புட்டி பின்கட்டில் கிடக்கிறது என்று யாராவது எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வினிகர் முறையை நானே சமையல் வினிகரில் செய்து பார்த்தேன். 5 விழுக்காட்டு வினிகரில் ஆசிட் மிகக் குறைவு. மூன்று மணி நேரம் ஊறியும் நடுவில் செம்பு போகவில்லை, அதற்குள் ஓரத்து டோனர் உரிந்துவிட்டது. அது என் மூன்றாவது போர்டு. சிட்ரிக் ஆசிட்டுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஹார்டுவேர் கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேகமாக வேலை செய்யும், ஆனால் அதன் புகை நெஞ்சைப் பிடிக்கும், பக்கத்தில் உள்ள இரும்புச் சாமான் எல்லாம் துருவேறும். புதியவர்களுக்கு அது தேவையே இல்லை.

இவற்றோடு ரப்பர் கையுறை, கண்ணாடி, மூக்குக்கவசம், மெல்லிய மணல்தாள், அசிட்டோன், துருப்பிடிக்கும் வகை இரும்பு நார். கடைசியில் சொன்னது எதற்கு என்பது ஏழாவது படியில் வரும். துளை போடும் சின்ன டிரில்லை என் அண்ணனிடம் இரவல் வாங்கினேன். நான் சொன்ன 35 வெள்ளியில் டிரில்லும் சோல்டரிங் இரும்பும் சேராது.

3. செம்பைத் துலக்குவது

என் நான்காவது போர்டு கெட்டது இந்த ஒரே படியில். நம் ஊர் வெக்கையில் விரல் வியர்வை செம்பில் பட்டாலே போதும், அந்த இடத்தில் டோனர் பிடிக்காது.

போர்டை வேண்டிய அளவுக்கு வெட்டி, ஓரங்களின் பிசிறை மணல்தாளால் தேய்த்து எடுங்கள். பிசிறு இருந்தால் இஸ்திரிப் பெட்டி ஓரத்தில் சரியாக அழுந்தாது. பிறகு செம்பை வட்டமாகத் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். ஒரே படலமாக விரிந்தால் சுத்தம். அதற்கு மேல் செம்புப் பரப்பைத் தொடக்கூடாது, ஓரத்தை மட்டும் பிடியுங்கள். துடைத்த கையோடு அடுத்த படிக்குப் போங்கள்.

4. இஸ்திரி போட்டுப் படத்தை ஏற்றுவது

பழைய இஸ்திரிப் பெட்டியாக இருந்தால் நல்லது. நீராவி கூடாது, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பருத்தித் துணி அளவுக்குச் சூடேற்றுங்கள். கீழே மரப்பலகை, அதன் மேல் போர்டு, செம்பு மேலே பார்த்திருக்கட்டும். அச்சுள்ள பக்கம் செம்பில் படும்படி தாளைக் கவிழ்த்து, முதல் அரை நிமிடம் பெட்டியை நகர்த்தாமல் அழுத்துங்கள். தாள் ஒட்டிக்கொண்ட பிறகுதான் மெல்ல நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் படம் இழுபடும். மொத்தம் நான்கு நிமிடம். ஓரங்களைப் பெட்டியின் நுனியால் தனியாக அழுத்துங்கள்.

சூடு ஆறட்டும். பிறகு தண்ணீரில் 20 நிமிடம் போட்டு வையுங்கள். அவசரப்பட்டுத் தாளை உரிக்காதீர்கள். ஊறியதும் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தால் தாள் நூல்நூலாக வந்துவிடும், டோனர் நிற்கும். தடங்களுக்கு நடுவே தாள் நார் ஒட்டியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள், அது செம்பைக் கரையவிடாமல் மறைக்கும். எங்காவது தடம் விட்டுப்போயிருந்தால் மார்க்கர் பேனாவால் மூடுங்கள். நிறைய விட்டுப்போயிருந்தால் அசிட்டோனால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, போர்டு வீணாகாது.

5. செம்பைக் கரைப்பது

இடம் வீட்டுக்குப் பின்னால், காற்றோட்டமாக. குழந்தைகளும் பூனையும் வராத இடம். தட்டு கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். அலுமினியம், எவர்சில்வர் எதுவும் கூடாது. அந்தத் தட்டு மறுபடி சமையலறைக்குள் போகவே கூடாது. நான் பழைய மார்ஜரின் டப்பாவை ஒதுக்கி, மேலே "விஷம்" என்று தமிழிலும் "ராச்சுன்" என்று மலாயிலும் எழுதி வைத்தேன்.

அளவு இது: 3 விழுக்காட்டுப் பெராக்சைடு 100 மில்லிலிட்டர், சிட்ரிக் ஆசிட் 30 கிராம், உப்பு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. பெராக்சைடில் முதலில் சிட்ரிக் ஆசிட்டைக் கலந்து கரையுங்கள், அப்புறம் உப்பு. பெராக்சைடு செம்பை ஆக்சைடாக்கும், ஆசிட் அந்த ஆக்சைடைக் கரைக்கும், உப்பில் உள்ள குளோரைடு வேலையை வேகப்படுத்தும். உப்பு போடாமல் விட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. கூட்டிப் போட்டால் கலவை சூடேறி நுரைத்துப் பெராக்சைடு வீணாகிவிடும்.

வழக்கமான போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். 10 க்கு 10 சென்டிமீட்டர் போர்டு முழுவதும் சேர்த்தாலும் சுமார் 3 கிராம் செம்புதான், அதற்கு இந்த 100 மில்லிலிட்டர் போதும். என் தொட்டி போர்டு 5 க்கு 7 தான், கலவை தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

போர்டின் பின்பக்கம் டேப் ஒட்டிக் கைப்பிடி போல் மடித்துக்கொள்ளுங்கள். செம்பு மேலே பார்க்கும்படி கலவையில் இறக்கி, தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரு நிமிடத்தில் சின்னக் குமிழிகள் வரும், செம்பு மங்கி ரோஜா நிறமாகும், தண்ணீர் இளநீலமாக மாறும். வேகம் போதவில்லை என்றால் தட்டை இன்னொரு வெந்நீர்த் தட்டில் வையுங்கள், கை பொறுக்கும் சூடு போதும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்கவே கூடாது.

எனக்கு 25 முதல் 40 நிமிடம் ஆகிறது. ஓரத்தில்தான் செம்பு முதலில் போகும், நடுவில் கடைசியாக. அவ்வப்போது எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், செம்பு போன இடம் வெளிச்சத்தை விடும். கடைசிச் செம்புப் புள்ளி மறைந்ததும் எடுத்துவிடுங்கள். கூடுதலாக ஊறினால் டோனருக்கு அடியிலிருந்தும் செம்பு அரிக்கத் தொடங்கும், தடம் மெலியும். எடுத்த போர்டை ஒரு வாளித் தண்ணீரில் அலசுங்கள். குழாயடியில் பிடித்துச் சாக்கடைக்கு விடாதீர்கள்.

கழிவறை கழுவும் க்ளோராக்ஸ் போன்ற பிளீச் எதுவும் இந்தக் கலவையின் பக்கமே வரக்கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

6. துளை, துடைப்பு, பூச்சு

டோனரை அசிட்டோனால் துடையுங்கள். தீயை விட்டு விலகியிருங்கள். துளைக்கு ரெசிஸ்டர், ஐசி என்றால் 0.8 மில்லிமீட்டர், ஒயர் செருகும் டெர்மினலுக்கு 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடிபோல் மின்னும் செம்பு நம் ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும், அப்புறம் ஈயம் ஒட்டாது. அன்றைக்கே பற்றவைத்துவிடுங்கள். முடியாவிட்டால் ரோசின் என்ற பைன் மரப் பிசினை ஆல்கஹாலில் கரைத்து மேலே ஒரு பூச்சுக் கொடுங்கள்.

7. மிச்சக் கலவையை என்ன செய்வது

இந்தப் படியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதல்முறை மிச்சக் கலவையை ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, குளியலறை மூலையில் வைத்தேன். பெராக்சைடு தொடர்ந்து ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. விடியற்காலையில் பாட்டில் வெடித்துச் சுவரெல்லாம் பச்சை. அந்த நேரம் யாரும் உள்ளே இல்லாதது எங்கள் நல்ல காலம். கலவையை ஒருபோதும் இறுக மூடாதீர்கள், அடுத்த வாரத்துக்கென்று சேர்த்தும் வைக்காதீர்கள். தேவைப்படும்போது புதிதாகக் கலக்கிக்கொள்ளலாம்.

சாக்கடையில் கொட்டுவதும் கூடாது. வீட்டுப் பொருளில் செய்ததுதானே என்று தோன்றும். கலக்கும் முன்பு அப்படித்தான். கலந்த பிறகு அதில் இருப்பது கரைந்த செம்பு, மிகச் சிறிய அளவிலேயே மீனையும் நீர்ப்பூச்சிகளையும் கொல்லும். நம் வீட்டுப் பின்னால் ஓடும் வாய்க்கால் எங்கே போய்ச் சேர்கிறது என்று இங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும், அங்கே தூண்டில் போட்ட பிள்ளைகள்தானே நாம். 2005 ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி தொழிற்சாலைகள் இத்தகைய கழிவை உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நம் தட்டில் இருப்பதும் அதே செம்புதான்.

நான் இப்போது செய்வது இதுதான். கலவையையும் முதல் அலசல் தண்ணீரையும் வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, மழை படாத இடத்தில், வலை போட்டு மூடி, நான்கைந்து நாள் திறந்தே வைக்கிறேன். குமிழி நின்ற பிறகு இரும்பு நாரை அதில் போடுகிறேன். இரும்பு கரையும், செம்பு சிவந்த பொடியாக வெளியே வரும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இதற்கு உதவாது, துருப்பிடிக்கும் இரும்புதான் வேண்டும். சோடா உப்பை மட்டும் போட்டால் செம்பு படிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். சிட்ரிக் ஆசிட் கலவையில் அது சரியாக நடக்காது, செம்பைச் சிட்ரேட் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு நாள் கழித்துத் துலக்கிய ஆணி ஒன்றை உள்ளே விட்டுச் சில நிமிடம் பாருங்கள். சிவந்தால் இன்னும் செம்பு இருக்கிறது, கூட இரும்பு நார் போடுங்கள். சிவக்காவிட்டால் பழைய துணியில் வடிகட்டி, வடிந்த தண்ணீரில் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நுரை நிற்கும்வரை சேர்த்து, அதிலேயே சிமெண்டைக் குழைத்துப் பழைய டின்னில் இறுக விடுங்கள். இறுகிய கட்டியைப் பையில் கட்டிக் குப்பை லோரி வரும் நாளில் போடலாம். வடிகட்டிய செம்புப் பொடியை உலர்த்தி, பெயர் எழுதிய புட்டியில் தனியாக வையுங்கள். என்னிடம் ஐந்து போர்டின் பொடி சேர்ந்து ஒரு சின்ன ஜாம் புட்டியின் அடியை மறைக்கும் அளவுக்கு இருக்கிறது.

நாள் கணக்கு: வெள்ளிக்கிழமை மாலை அச்சும் சாமானும். சனிக்கிழமை காலை துலக்குவதும் இஸ்திரியும், மதியம் கரைப்பு, மாலை துளை. ஞாயிறு பற்றவைப்பு. கழிவுக்கு மட்டும் இன்னும் பத்து நாள் ஒதுக்குங்கள்.